பைப் வாங்குகிறோம், கிளாம்ப்பை மறந்துவிடுகிறோம்

வாங்குவோர் கேள்வி-பதில்

கேள்வி: திருவான்மியூரில் கடற்கரையை ஒட்டிய நான்கு மாடிக் குடியிருப்பு எங்களுடையது. வெளிச்சுவரில் இறங்கும் 4 அங்குலக் கழிவுநீர்ப் பைப் சுவரை விட்டு விலகித் தொங்கியது. ஆள் வைத்துப் புதுக் கிளாம்ப் அடித்தோம். ஒரே வருடத்தில் அவையும் விழ ஆரம்பித்துவிட்டன. ‘ஸ்டீல் கிளாம்ப் போடுங்கள்’ என்கிறார் பிளம்பர். கடையில் பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருக்கும் இரண்டு வகைக்கு இரண்டு விலை சொல்கிறார்கள். எதை வாங்குவது?

பதில்: கடைக்குப் போவதற்கு முன்னால், விழுந்த கிளாம்ப் ஒன்றைத் தேடி எடுத்துப் பாருங்கள். தகடு வளைவில் அறுந்து, செம்பழுப்புச் செதில்களாக உதிர்ந்து, ஸ்க்ரூ மட்டும் சுவரில் நிற்கிறது என்றால் துருதான் காரணம். ஸ்க்ரூவும் பிளாஸ்டிக் பிளக்கும் சேர்ந்தே வெளியே வந்திருந்து, பிளக்கின் பற்களில் சாம்பல் நிற சிமென்ட் தூள் ஒட்டியிருந்தால் கதை வேறு. பிளக் செங்கலைத் தொடவே இல்லை, பூச்சை மட்டும் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறது. அப்படியானால் தங்கத்தில் கிளாம்ப் செய்து மாட்டினாலும் அடுத்த மழைக்கு நிற்காது.

வெளிப்பூச்சு முக்கால் அங்குலம் வரை இருக்கும். 1 அங்குல ஸ்க்ரூ போட்டால் செங்கலுக்குள் போவது கால் அங்குலம்தான். பிளம்பரிடம் கண்டிப்பாகக் கேட்க வேண்டியது இது: பூச்சைக் கழித்துவிட்டு, செங்கலுக்குள்ளோ கான்கிரீட்டுக்குள்ளோ குறைந்தது ஒன்றரை அங்குலம் பிளக் இறங்க வேண்டும். இரண்டு செங்கலுக்கு நடுவே உள்ள இணைப்பில் துளை போடக் கூடாது, செங்கலின் நடுவில் போட வேண்டும். கான்கிரீட் தூணோ உத்தரமோ பைப்பின் வழியில் வந்தால், ஒவ்வொரு மாடியிலும் ஒரு கிளாம்ப்பையாவது அங்கே கட்டுவது நல்லது.

தூணில் துளை போட்டால் கட்டடம் பலவீனமாகிவிடும் என்று சிலர் பயப்படுகிறார்கள். 8 மில்லிமீட்டர் துளையால் தூணுக்கு ஒன்றும் ஆகாது. கம்பியைத் தொட்டால்தான் ஆபத்து. துளைப்பான் கம்பியில் முட்டி நின்றால் அங்கேயே நிறுத்திவிட்டு, இரண்டு அங்குலம் தள்ளித் துளைக்கச் சொல்லுங்கள். கம்பியை அறுத்துக்கொண்டு உள்ளே போக விடாதீர்கள். கைவிட்ட துளையைச் சுருங்காத கலவையாலோ எபாக்சியாலோ அன்றே அடைக்க வேண்டும். கடலோரத்தில் திறந்து கிடக்கும் துளை வழியாக உப்பு ஈரம் கம்பிக்குப் போகும். கம்பி துருப்பிடித்துப் பருத்தால் கான்கிரீட்டையே பிளந்துவிடும்.

இனி, இரண்டு விலை. நீங்கள் முன்பு போட்டது பெரும்பாலும் துத்தநாக முலாம் பூசிய இரும்பாக இருக்கும். பளபளவென்று மின்முலாம் பூசியதில் துத்தநாகம் சில மைக்ரான் கனமே இருக்கும். உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுத்ததில் அது பல மடங்கு கனம். பார்க்க மங்கலாகவும் சற்றுச் சொரசொரப்பாகவும் இருக்கும். கடலை விட்டுத் தள்ளியிருக்கும் அண்ணா நகரிலும் அம்பத்தூரிலும் இந்த இரண்டாவது வகை போதும். திருவான்மியூர், பட்டினப்பாக்கம், ராயபுரம் போன்ற இடங்களில் துருப்பிடிக்காத ஸ்டீலுக்கு (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், சுருக்கமாக எஸ்எஸ்) போவதே சரி.

அதிலும் தரம் உண்டு, அதை எண்ணால் குறிப்பார்கள். விலை குறைந்த வகை 202 என்ற தரமாக இருக்கலாம். நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டிச் செய்வது அது. உப்புக் காற்றில் சீக்கிரம் பழுப்பேறும். 304 நடுத்தரம். மாலிப்டினம் சேர்ந்த 316 தான் கடலோரத்துக்கு உரியது. காந்தம் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள். 202, 304 இரண்டுமே காந்தத்தில் அவ்வளவாக ஒட்டாது. காந்தம் சாதாரண இரும்பைக் காட்டிக்கொடுக்கும், அவ்வளவுதான். பில்லில் ‘எஸ்எஸ் 316’ என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கும் கடையில் வாங்க வேண்டாம். பாரிமுனை செம்புதாஸ் தெருப் பக்கம் போனால் நான்கு கடை ஏறி இறங்கி ஒப்பிட்டு வாங்கலாம். ஸ்க்ரூவும் அதே தரத்தில் இருக்க வேண்டும். ஸ்டீல் கிளாம்ப்பை முலாம் பூசிய ஸ்க்ரூவில் மாட்டினால் ஸ்க்ரூதான் முதலில் அரிக்கப்படும்.

கிளாம்ப்புகளின் இடைவெளியையும் அளந்து பாருங்கள். செங்குத்தாக இறங்கும் 4 அங்குலப் பைப்புக்கு 6 அடிக்கு ஒரு கிளாம்ப், படுக்கையாகப் போகும் இடத்தில் 3 அடிக்கு ஒன்று. கழிவுநீர்ப் பைப் எப்போதும் காலியாகத்தானே இருக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. கீழே அடைப்பு விழுந்த நாளில் அதில் தண்ணீர் ஏறி நிற்கும். 1 மீட்டர் பைப்பில் சுமார் 8 கிலோ தண்ணீர் பிடிக்கும். ஒரு மாடி உயரத்துக்கு ஏறக்குறைய 25 கிலோ. அந்தச் சுமையோடு புயல் காற்றும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை 2016 டிசம்பரில் வர்தா புயலின்போது இந்த ஊர் பார்த்திருக்கிறது.

விலை கட்டுப்படியாகுமா என்று உங்கள் சங்கத்தில் கேட்பார்கள். நான்கு மாடிக்குச் சாரம் கட்டவோ, கயிற்றில் ஆளை இறக்கவோ ஆகும் கூலியைக் கிளாம்ப் விலையோடு ஒப்பிட்டுக் காட்டுங்கள். வருடத்துக்கு ஒருமுறை சாரம் கட்டுவதுதான் பெரும் செலவு. தவிர, அந்தரத்தில் தொங்கி வேலை செய்பவர் ஒரு மனிதர். அவரை ஒருமுறை ஏற்றுவதோடு வேலை முடிய வேண்டும்.

கேள்வி: பெரும்பாக்கத்தில் புதுக் குடியிருப்பில் வீடு வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. குளியலறைக்கு வெளியே உள்ள வெந்நீர்ப் பைப் கிளாம்ப்போடு கழன்று வந்துவிட்டது. சுவர் வெள்ளை நிறக் கல், நகத்தால் கீறினாலே தூள் கொட்டுகிறது. கட்டிக்கொடுத்த நிறுவனத்தில் கேட்டால், ‘இது பராமரிப்பு வேலை, உங்கள் செலவு’ என்கிறார்கள்.

பதில்: நீங்கள் சொல்வது ஏஏசி பிளாக். எடை குறைந்த, காற்றறைகள் நிறைந்த கல். சுவர் கட்ட அது மோசமான பொருள் இல்லை. ஆனால் செங்கலுக்குப் போடும் பிளக்கும், விரிந்து பிடிக்கும் ஆங்கர் போல்ட்டும் அதில் நிற்காது. போல்ட் விரிய விரியக் கல் நொறுங்கித்தான் போகும். அதற்கென்றே சுருள் பற்கள் கொண்ட நீளமான நைலான் பிளக் இருக்கிறது. கனமான பைப்புக்கு, துளைக்குள் பசை செலுத்திப் பதிக்கும் ரசாயன ஆங்கர் போடுவார்கள். துளைக்கும்போது சுத்தியல் அதிர்வை நிறுத்திவிட்டு, சுழற்சியில் மட்டும் துளைக்க வேண்டும்.

செலவு யாருடையது என்பதில் நீங்கள் விட்டுக்கொடுக்க வேண்டாம். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டுச் சட்டம், 2016-இன் பிரிவு 14(3) தெளிவாக இருக்கிறது. வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள், கட்டமைப்பிலோ வேலைத்தரத்திலோ செய்து கொடுத்த வசதிகளிலோ உள்ள குறையை நீங்கள் தெரிவித்தால், கட்டணம் வாங்காமல் 30 நாட்களுக்குள் சரிசெய்வது கட்டியவரின் கடமை. சுவருக்குப் பொருந்தாத பிளக்கைப் போட்டது வேலைத்தரக் குறை. அதைப் பராமரிப்பு என்று பெயர் மாற்றிச் சொல்வதை நாம் ஏற்க வேண்டியதில்லை.

தொலைபேசியில் பேசிப் பயனில்லை. கழன்ற பிளக்கையும் சுவரில் உள்ள ஓட்டையையும் தேதியோடு படம் எடுத்து, மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் எழுதுங்கள். ஒப்படைப்புக் கடிதத்தின் நகலை இணையுங்கள். 30 நாள் கடந்தும் அசையாவிட்டால், எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் புகார் செய்யலாம். பக்கத்து வீடுகளிலும் விசாரியுங்கள். ஒரு வீட்டில் தவறான பிளக் போட்டவர்கள் மற்ற வீடுகளிலும் அதையேதான் போட்டிருப்பார்கள். சேர்ந்து எழுதினால் பதில் சீக்கிரம் வரும்.

கேள்வி: வேளச்சேரியில் எங்கள் மொட்டைமாடியில் தொட்டியிலிருந்து போகும் சிபிவிசி என்ற பிளாஸ்டிக் பைப் கோடையில் பாம்பு போல நெளிகிறது. பிளம்பர் ஒவ்வொரு முறையும் கிளாம்ப்பை இன்னும் இறுக்கிவிட்டுப் போகிறார். இப்போது எல்போ இணைப்பில் (பைப் திரும்பும் மூலை) கசிவு.

பதில்: இறுக்கியதுதான் கசிவுக்குக் காரணம். பிளாஸ்டிக் பைப் வெயிலில் நீளும், மழையில் குறுகும். கணக்குப் போட்டுப் பாருங்கள். சிபிவிசி, 1 மீட்டருக்கு 1 டிகிரி வெப்பம் கூடினால் ஏறக்குறைய 0.07 மில்லிமீட்டர் நீளும். உங்கள் மாடியில் 12 மீட்டர் நேர்கோடாகப் பைப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். மே மாத வெயிலில் காய்ந்து 60 டிகிரிக்குப் போய், ஒரு கோடை மழையில் 25 டிகிரிக்கு இறங்கினால், நீளம் கிட்டத்தட்ட 3 சென்டிமீட்டர் மாறும். இரும்புப் பைப்பில் இது 5 மில்லிமீட்டர்தான். இரும்பில் பழகிய கை பிளாஸ்டிக்கையும் அதே மாதிரி இறுக்கிக் கட்டுகிறது. நீள இடமில்லாமல் பைப் நெளிகிறது. அந்த இழுவை முழுவதும் எல்போவில் போய் இறங்குகிறது.

ஒரு நேர்கோட்டுக்கு ஒரே ஒரு கிளாம்ப் பைப்பைக் கெட்டியாகப் பிடித்தால் போதும். மற்றவை பைப்பைத் தாங்க வேண்டும், நெரிக்கக் கூடாது. கிளாம்ப் மாட்டிய பிறகும் கையால் தள்ளினால் பைப் முன்னும் பின்னும் நகர வேண்டும். எல்போவை ஒட்டி ஓர் அடிக்குள் கிளாம்ப் வேண்டாம். நீண்ட ஓட்டத்தில் நடுவே ‘ப’ வடிவில் ஒரு வளைவு கொடுத்தால் நீட்டம் அங்கே அடங்கிவிடும். 1 அங்குலம் வரையுள்ள பைப்பைப் படுக்கையாகப் போட்டால் 3 அடிக்கு ஒரு தாங்கல், அதற்கு மேற்பட்ட அளவுக்கு 4 அடிக்கு ஒன்று.

பைப்புக்கும் கிளாம்ப்புக்கும் நடுவே மெத்தையாக மெல்லிய பிவிசி டியூப் துண்டைச் சுற்றுகிறார்கள். அது கூடாது. அந்த நெகிழ்வான பிவிசியில் உள்ள எண்ணெய்ப் பொருள் சிபிவிசியில் மெல்ல மெல்ல விரிசல் விழச் செய்யும். சிபிவிசிக்கென்றே விற்கும் பிளாஸ்டிக் கிளாம்ப் வாங்கினால் இந்தத் தொல்லை இல்லை. பைப் மாற்ற நேர்ந்தால், அதன்மேல் ஐஎஸ் 15778 என்ற இந்தியத் தர எண்ணும் ஐஎஸ்ஐ முத்திரையும் உள்ளதா என்று பார்த்து, முத்திரையோடு உள்ள உரிம எண்ணை ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் போட்டுச் சரிபாருங்கள். வெயில் படும் பைப்புக்குத் தண்ணீரில் கரையும் வெள்ளை எமல்ஷன் பெயின்ட் ஒரு பூச்சு அடிப்பது நல்லது. எண்ணெய் பெயின்ட் வேண்டாம்.

கேள்வி: மோட்டார் நின்றவுடன் சுவரில் ‘டொக்’ என்று ஒரு சத்தம். பைப் உடைந்துவிடுமா?

பதில்: ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் சட்டென்று நிற்கும்போது பைப் அதிர்ந்து சுவரில் அடிக்கிறது. எந்த இடத்தில் ஆடுகிறது என்று கை வைத்துப் பார்த்து, அங்கே ரப்பர் பட்டை உள்ள கிளாம்ப் போடுங்கள். மோட்டாரை ஒட்டிய வால்வையும் பார்க்கச் சொல்லுங்கள். வருடக்கணக்கில் அப்படியே விட்டால் இணைப்புகள் தளரும்.

கேள்வி: மயிலாப்பூரில் எங்கள் தாத்தா காலத்து வீடு, மெட்ராஸ் டெரஸ் கூரை. மாடியில் புதுக் குளியலறை கட்டுகிறோம். கழிவுப் பைப்பைக் கீழ்த்தளக் கூரையில் தொங்கவிடலாம் என்கிறார் பிளம்பர்.

பதில்: முடிந்தவரை தவிர்த்துவிடுங்கள். அந்தக் கூரையில் தேக்கு உத்தரங்களின் மேல் செங்கல்லைக் குத்துவாக்கில் நிறுத்திச் சுண்ணாம்பில் பிணைத்திருப்பார்கள். கற்கள் ஒன்றையொன்று நெருக்கித்தான் நிற்கின்றன. அவற்றில் துளை போட்டு எதையும் தொங்கவிடக் கூடாது. உத்தரத்தின் அடிப்பக்கத்து நடுப்பகுதிதான் அதிக இழுவையைத் தாங்கும் இடம். அங்கும் துளை வேண்டாம்.

வேறு வழியே இல்லை என்றால், உத்தரத்தைச் சுற்றிப் பட்டை போட்டு அதிலிருந்து தொங்கவிடலாம். அதற்கு முன் ஒரு தச்சரை அழைத்து, சுவருக்குள் செருகியிருக்கும் உத்தர முனைகளைத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ஈரமும் கறையானும் முதலில் பிடிப்பது அங்கேதான். குளியலறையை வெளிச்சுவர் ஓரமாக அமைத்துப் பைப்பை நேராக வெளியே இறக்குவதே நான் சொல்லும் வழி. வரைபடத்தில் ஒரு சுவரைத் தள்ளிப்போடுவது இப்போது சுலபம். அந்தக் கூரையை இன்று அதே மாதிரி கட்டித் தர ஆள் கிடைப்பது அரிது.

கேள்வி: சமையலறைக்கு வந்திருக்கும் குழாய்வழி எரிவாயுப் பைப்பின் கிளாம்ப் ஒன்று ஆடுகிறது. நாங்களே இறுக்கலாமா? அதில் கேபிள் கம்பியைக் கட்டியிருக்கிறோம்.

பதில்: கேபிளை இன்றே அவிழ்த்துவிடுங்கள். கிளாம்ப்பைத் தொட வேண்டாம், வீட்டுப் பிளம்பரையும் தொட விடாதீர்கள். இணைப்புக் கொடுத்த நிறுவனத்தின் அவசர எண்ணுக்குச் சொன்னால் அவர்கள் ஆள் வருவார்கள்.

கேள்வி: கொளத்தூரில் வீடு கட்டுகிறோம். பிளம்பிங் காண்டிராக்டர் அடிக்கு இவ்வளவு என்று விலை சொல்கிறார். எதையெல்லாம் எழுதி வாங்க வேண்டும்?

பதில்: அடிக் கணக்கில் விலை பேசும்போது பைப்பின் பிராண்டை எழுதுவோம், கிளாம்ப்பைப் பற்றி ஒரு வரி இருக்காது. காண்டிராக்டருக்கு மிச்சம் பிடிக்க எளிதான இடமும் அதுதான். 3 அடிக்கு ஒன்று போட வேண்டிய இடத்தில் 6 அடிக்கு ஒன்று போட்டாலும் சுவரைப் பூசி முடித்த பிறகு யாருக்குத் தெரியும்? ஆகவே கிளாம்ப்பின் வகை, ஸ்க்ரூ நீளம், இடைவெளி, பைப்புக்கும் வெளிச்சுவருக்கும் நடுவே 1 அங்குல இடம் ஆகியவற்றைத் தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். கழிவுநீர்ப் பைப்புக்கு ஐஎஸ் 13592, ‘டைப் பி’ என்று குறிப்பிடுங்கள். ‘டைப் ஏ’ மழைநீருக்கும் காற்றுப் போக்கிக்கும் உரியது, சுவர் மெல்லியது.

கான்கிரீட் உத்தரத்தைப் பிறகு குடைந்து பைப் விடும் வேலைக்கு மட்டும் ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். பைப் எங்கே போகிறது என்று முடிவு செய்து, கான்கிரீட் போடும் முன்பே பொறியாளரின் ஒப்புதலோடு குழல் வைத்துவிட வேண்டும்.

பூச்சு வேலைக்கு முன், பணத்தின் கடைசித் தவணைக்கு முன், பைப் ஓடும் சுவர்களை அளவு நாடா தெரியும்படி படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஏதாவது கழன்று விழுந்து, காண்டிராக்டர் கைவிரித்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் போக வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. கையெழுத்துப் போட்ட தாளும், பில்லும், அந்தப் படங்களும் அங்கே கேட்கப்படும்.