ரத்தம் நின்றது, நோய் நின்றதா? சிறுநீர்ப்பை கேள்வி பதில்

யூராலஜி (சிறுநீர்ப் பாதை நோய்) ஆபரேஷன் தியேட்டரில் 26 வருடம் நர்ஸாக இருந்தவள் நான். செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு பக்கத்துக் கேள்விகள் இவை.

கே: சிஸ்டர், அப்பாவுக்கு 61 வயது, சின்ன வயதிலிருந்தே பீடி. போன மாதம் ஒருநாள் சிறுநீர் கட்டன்சாயா நிறத்தில் போனது. வலியில்லை. மறுநாள் சரியாகிவிட்டது. விட்டுவிடலாமா? (புளியரை)

ப: விடக்கூடாது தம்பி. கல் என்றால் பெரும்பாலும் விலாவிலிருந்து அடிவயிறு வரை வலி இழுக்கும். தொற்று என்றால் எரியும், அடிக்கடி முட்டும். வலியே இல்லாமல் வருகிற ரத்தத்துக்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன். சிறுநீர்ப்பைப் புற்றுக்கட்டி ஒருநாள் கசியும், அப்புறம் மாதக்கணக்கில் சும்மா கிடக்கும். புகையிலுள்ள நச்சு ரத்தத்தில் கலந்து, சிறுநீரோடு இறங்கி, சிறுநீர்ப்பையில் மணிக்கணக்கில் தேங்குகிறது. இந்தப் புற்றில் ஏறக்குறைய பாதிக்குப் புகைதான் காரணம்.

ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று வந்தாலும் திருப்திப்படாதீர்கள். சின்னக் கட்டியும், சுவரோடு தட்டையாகப் படர்ந்ததும் அதில் தப்பிவிடும். சிஸ்டாஸ்கோப்பி பற்றிக் கேளுங்கள். மரப்பு ஜெல்லி போட்டு, கேமரா வைத்த மெல்லிய குழாயை உள்ளே விட்டுப் பார்ப்பார்கள். சில நிமிட வேலை. நல்ல பையின் உட்சுவர் வெளிர் இளஞ்சிவப்பாக வழவழவென்றிருக்கும். தொற்று என்றால் செக்கச்செவேலென்று கன்றியிருக்கும். கட்டி பலருக்கும் குளத்துப் பாசி தண்ணீருக்குள் அசைவதுபோல இழையிழையாக ஆடும். சதை எடுத்துச் சோதித்த பிறகே உறுதி சொல்வார்கள்.

கே: வயது 47. ஆறு மாதத்தில் நாலு தடவை நீர்க்கடுப்புக்கு ஆன்டிபயாடிக் எடுத்தும் எரிச்சல் போகவில்லை. (செங்கோட்டை)

ப: சிறுநீரில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் சோதனை செய்தார்களா அம்மா? கிருமி வளராமலே எரிச்சல் தொடர்ந்தால் யூராலஜிஸ்டிடம் போங்கள். புற்றில்லாத நாட்பட்ட அழற்சியாக இருக்கலாம். அதில் பை நிறைய நிறைய வலிக்கும், போனதும் தணியும். ஆனால் தட்டையாகப் படரும் புற்றும் நீர்க்கடுப்பு மாதிரியே காட்டும். இன்ஃபெக்ஷன் என்றே மாதங்களைக் கழித்துத் தாமதமாக வந்த பெண்களை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை.

கே: பீட்ரூட் சாப்பிட்டாலும் சிவக்குமாமே?

ப: சிவக்கும். காசநோய் மாத்திரை ரிஃபாம்பிசினும் நிறம் மாற்றும். ரத்தமா, வெறும் நிறமா என்று யூரின் டெஸ்ட் காட்டிக்கொடுத்துவிடும்.

கே: ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறேன். சிறுநீரில் ரத்தம் வந்தது அதனால்தானே?

ப: மாத்திரைமேல் பழி போடாதீர்கள், பரிசோதனை வேண்டும். நீங்களாக மாத்திரையை நிறுத்தவும் கூடாது.

கே: ஒரே தடவை வந்தது, வலியில்லை... (ஆரியங்காவு)

ப: புளியரைத் தம்பிக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கே: வாழைத்தண்டுச் சாறு குடித்தேன், மூன்றே நாளில் ரத்தம் நின்றது. ஏன் சனங்களைப் பயமுறுத்துகிறீர்கள்? (தென்காசி)

ப: அண்ணாச்சி, சாறு குடிக்காதவருக்கும் நிற்கும். கட்டியே இருந்தாலும் நிற்கும்.

கே: என் அண்ணனுக்கும் நெருஞ்சில் கஷாயத்தில்தான் நின்றது. ரத்தம் வந்தாலே புற்றா?

ப: இல்லவே இல்லை. பெரும்பாலானோருக்குக் கல், தொற்று, ஆண்களுக்குப் புராஸ்டேட் சுரப்பி வீக்கம்தான். அப்படித்தானா என்று உள்ளே பார்த்துத் தெரிந்துகொள்ளத்தான் சொல்கிறேன். புற்று தசைக்குள் இறங்கும் முன் பிடித்தால் குழாய் வழியாகவே சுரண்டி எடுத்துப் பையைக் காப்பாற்றலாம். இறங்கிவிட்டால் பையையே எடுக்க நேரிடும். சாறு குடியுங்கள், தடுக்கவில்லை. அண்ணனைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டிவிட்டுக் குடியுங்கள்.

கே: வலியில்லாமல் ஒருநாள் வந்தது, நின்றுவிட்டது... (புனலூர்)

ப: மூன்றாவது ஆள். திருநெல்வேலியோ திருவனந்தபுரமோ, எது வசதியோ நாளைக்கே கிளம்புங்கள்.