குளிர்கால மலையேற்றம்: எத்தனை மணிக்குத் திரும்புவது?

கேள்வி: நண்பர்கள் மூன்று பேர் ஒரே நாளில் ஒரு மலை உச்சிக்குப் போய்த் திரும்ப நினைக்கிறோம். போக வர 10 கிலோமீட்டர், ஏற்றம் 900 மீட்டர். காலையில் வெயில், ஒரு மணிக்கு மேல் காற்றும் பனிப்பொழிவும் என்கிறது முன்னறிவிப்பு. நல்ல கனமான ஜாக்கெட் வாங்கினால் சமாளித்துவிடலாமா?

பதில்: போகலாம், ஆனால் ஜாக்கெட்டை மட்டும் நம்பிப் போகாதீர்கள். உடம்பு நனையக் கூடாது. காற்று எழும் முன் உச்சியை விட்டு நன்றாக இறங்கியிருக்க வேண்டும். இந்த இரண்டும்தான் முக்கியம்.

முதலில் நேரம். ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-ல் சொன்ன கணக்கு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், 600 மீட்டர் ஏற்றத்துக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம். உங்களுக்கு ஏற மட்டும் இரண்டரை மணி நேரம் வருகிறது. பனியில் கால் புதையும் என்பதால் அதில் பாதியைக் கூட்டுங்கள். காலை ஏழுக்குக் கிளம்பினால் பத்தே முக்கால், இளைப்பாறும் நேரத்தைச் சேர்த்தால் பதினொன்றரை. அதுதான் நீங்கள் திரும்பும் நேரம். உச்சி எதிரே தெரிந்தாலும் பதினொன்றரைக்குத் திரும்பிவிட வேண்டும். இதை மூவரும் வீட்டிலேயே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். மேலே போய்ப் பேசினால், ‘இன்னும் பத்து நிமிஷம்தானே’ என்று ஒருவர் சொல்ல மற்ற இருவரும் தலையாட்டிவிடுவார்கள்.

1000 மீட்டர் ஏறினால் வெப்பம் சராசரியாக ஆறரை டிகிரி குறையும். அடிவாரத்தில் 6 டிகிரி என்றால் உங்கள் உச்சியில் ஏறக்குறைய 0. மணிக்கு 40 கிலோமீட்டர் காற்றும் சேர்ந்துவிட்டால் திறந்த தோலுக்கு அது மைனஸ் 7 போல உறைக்கும். அந்த நேரத்தில் உள்சட்டை வியர்வையில் ஊறியிருந்தால் எவ்வளவு விலையுயர்ந்த ஜாக்கெட்டும் பெரிதாக உதவாது.

அதனால் கிளம்பும்போது லேசாகக் குளிரட்டும். அப்போதே கதகதப்பாக இருந்தால் ஒரு உடுப்பு அதிகம் என்று அர்த்தம். பத்து நிமிடம் நடந்ததும் நின்று, கழற்ற வேண்டியதைக் கழற்றுங்கள். பருத்தி பனியன், ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். நனைந்தால் சீக்கிரத்தில் காயாது. கம்பளி அல்லது பாலியெஸ்டர் உள்சட்டை, அதன் மேல் காற்றும் ஈரமும் புகாத மெல்லிய மேலுடை போதும். கனமான ஜாக்கெட் பையில் இருக்கட்டும். நின்ற மறு நிமிடமே, உடம்பு ஆறும் முன், எடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

கையுறை இரண்டு ஜோடி வேண்டும். தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாக வையுங்கள். தண்ணீர் மேல்பக்கம்தான் உறைய ஆரம்பிக்கும், மூடி அடைக்காது. போனைச் சட்டைக்குள் வையுங்கள், குளிரில் பேட்டரி சட்டென்று இறங்கிவிடும். அப்புறம், புதுப்பனி விழுந்த 30 முதல் 45 டிகிரி சரிவுகள் பனிச்சரிவுக்குப் பேர்போனவை. அந்தப் பகுதிக்குப் பனிச்சரிவு எச்சரிக்கை இருந்தால் வேறு நாள் பாருங்கள்.

முன்னறிவிப்பில் சொன்ன ஒரு மணி பதினொன்றாகவும் ஆகலாம். கடிகாரத்தில் காற்றழுத்தத்தை வைத்து உயரம் காட்டும் உயரமானி இருந்தால், உட்கார்ந்த இடத்திலேயே உயரம் 20, 30 மீட்டர் கூடுகிறதா என்று பாருங்கள். கூடினால் காற்றழுத்தம் இறங்குகிறது, வானிலை கெடப்போகிறது என்று அர்த்தம். உச்சியின் மேல் லென்ஸ் வடிவ மேகம் நின்றால் அங்கே பலத்த காற்று. இவற்றைக் கண்டால் பதினொன்றரைக்குக் காத்திருக்காதீர்கள்.

ஒருவரையொருவர் கவனித்துக்கொண்டே நடங்கள். பையின் கொக்கியை மாட்டத் தடுமாறுகிறவர், பேச்சு குழறுகிறவர், திடீரென்று அமைதியாகிவிட்டவர் ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்றுதான் சொல்வார். நம்பாதீர்கள். ஈர உடையை மாற்றி, கையுறையும் குல்லாவும் போட்டுவிட்டு, சூடாக, இனிப்பாகக் குடிக்கக் கொடுத்து, உடனே கீழே கூட்டி வாருங்கள். உடம்பு சூடேறாமலே நடுக்கம் நின்றுவிட்டால் நிலைமை மோசம். மீட்புக் குழுவை அழைத்துவிடுங்கள்.

போகும் பாதையையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் ஒருவரிடம் எழுதிக் கொடுங்கள். பதினொன்றரைக்குத் திரும்பினால் இரண்டு, இரண்டரைக்கெல்லாம் கீழே வந்துவிடலாம். நான்கு மணிக்குள் உங்களிடமிருந்து போன் வராவிட்டால் மீட்புக் குழுவுக்குத் தகவல் சொல்லச் சொல்லுங்கள்.