வாசகர் கேள்வி பதில்: சமோசாவும் எம்பனாடாவும் ஒரே வாணலியில்

கேள்வி: மாவில் பூரணம் பொதிந்து மடிக்கும் அர்ஜென்டினாப் பண்டமான எம்பனாடாவுக்கு உரிய மாட்டிறைச்சிப் பூரணத்தைச் சமோசா மாவில் பொதிந்து பொரித்தேன். பாதிக்கு மேல் வாணலியிலேயே வாய் பிளந்துவிட்டன; மிஞ்சியவை எண்ணெய் குடித்துக் கனத்திருந்தன. பல ஆண்டுகளாகச் சமோசா செய்துவரும் எனக்கு இப்படி நேர்ந்ததே இல்லை. பிழை மாவிலா, பூரணத்திலா?

பதில்: இரண்டிலும் இல்லை. தனித்தனியே சரியாக அமைந்த இரண்டை, ஒன்றுக்கொன்று ஒவ்வாத சூட்டில் சேர்த்ததுதான் பிழை. சமோசாவின் மேல்மாவு தடிமனானது. மைதாவின் எடையில் ஏறத்தாழ கால் பங்கு நெய்யோ எண்ணெயோ சேர்த்துப் பிசறி, குறைந்த நீரில் கெட்டியாகப் பிசையப்படுவது. அந்த மாவு உள்வரை வெந்து மொறுமொறுப்பாக வேண்டுமானால், மிதமான சூட்டில் 12 முதல் 15 நிமிடம் வரை எண்ணெயில் கிடக்க வேண்டும். உருளைக்கிழங்கு மசாலா ஈரம் குறைந்தது என்பதால் அத்தனை நேரத்தையும் தாங்கிக்கொள்ளும். எம்பனாடாவின் இறைச்சிப் பூரணமோ, கடிக்கும்போது சாறு வழிய வேண்டும் என்றே கொழுப்பும் நிறைய வெங்காயமும் சேர்த்துச் செய்யப்படுவது. அதற்குரிய மாவு மெல்லியது; 180 டிகிரி செல்சியஸ் சூட்டில் மூன்று நான்கு நிமிடங்களில் பொரிந்துவிடும். உள்ளே இருக்கும் சாறு கொதித்துப் பொங்குவதற்குள் எம்பனாடா வாணலியைவிட்டு வெளியே வந்துவிடுகிறது.

உங்கள் வாணலியில் அந்தச் சாறு கால் மணி நேரம் கொதித்திருக்கிறது. நீர் ஆவியாகும்போது அதன் கன அளவு 1,600 மடங்குக்கும் மேல் பெருகும். அந்த அழுத்தம், சமோசாவில் எது வலுவற்ற இடமோ, அதாவது நீர் தடவி ஒட்டிய மூட்டு, அதைப் பிளந்துகொண்டு வெளியேறும். பிளந்த வழியாக எண்ணெய் உள்ளே புகும்.

இதற்கு நான் கண்ட வழி, கலப்பதை ஓர் இடத்தோடு நிறுத்திக்கொள்வது. மாவு, வடிவம், பொரிக்கும் சூடு ஆகிய மூன்றையும் ஒரே மரபிலிருந்து எடுங்கள். பூரணத்தின் சுவையை மட்டும் மற்ற மரபிலிருந்து எடுங்கள். சமோசா மாவுதான் வேண்டும் என்றால், வெங்காயத்தைப் பொன்னிறத்துக்கும் மேலாக வதக்கி, கொத்திய இறைச்சியில் ஊறும் நீர் முழுவதும் வற்றும்வரை கிளறி, வேகவைத்து மசித்த உருளைக்கிழங்கை இறைச்சியின் எடையில் மூன்றில் ஒரு பங்கு சேர்த்துவிடுங்கள். இது மரபுமீறல் ஆகாது. அர்ஜென்டினாவின் சால்டா மாகாணத்தில் எம்பனாடாவுக்கு உருளைக்கிழங்கு சேர்ப்பதே வழக்கம். சாறுதான் முக்கியம் என்றால் கூம்பு வடிவத்தைக் கைவிடுங்கள். மாவை மெல்லிய வட்டமாகத் தேய்த்து, அரைவட்டமாக மடித்து, ஓரத்தைச் சிறிது சிறிதாக மடித்து அழுத்திக் கயிறு முறுக்கியதுபோல் பின்னிவிடுங்கள். இந்தப் பின்னல் அழகுக்காக மட்டும் ஏற்பட்டதன்று; மாவு இரண்டு மூன்று மடிப்பாகச் சேர்வதால் மூட்டே மற்ற இடங்களைவிட வலுவாகிவிடுகிறது.

எப்படிச் செய்தாலும் பூரணம் நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும். முந்தைய நாளே செய்து குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டால் கொழுப்பு உறைந்து, பொதிவதற்கும் எளிதாக இருக்கும். சூடான பூரணம் மாவிலுள்ள நெய்யை இளக்கி, எண்ணெயில் இடுவதற்கு முன்பே அடிப்பக்கத்தைச் சொதசொதப்பாக்கிவிடும்.

கேள்வி: இரு நாட்டு மசாலாக்களையும் ஒரே பூரணத்தில் கலக்கலாமா?

பதில்: கலக்கலாம், ஆனால் எல்லாவற்றையும் அல்ல. இரண்டு மரபுக்கும் பொதுவானது சீரகம், அதைப் பாலமாகக் கொள்ளுங்கள். காரத்துக்குப் பச்சை மிளகாய் இட்டால் நிறத்துக்கும் இலேசான இனிப்புக்கும் காரம் குறைந்த சிவப்பு மிளகாய்ப் பொடியான பாப்ரிகாவைச் சேர்க்கலாம். இவை ஒன்றையொன்று கெடுப்பதில்லை. புளிப்பிலும் உப்பிலும்தான் கவனம் தேவை. சமோசாவில் மாங்காய்ப் பொடி செய்யும் வேலையை எம்பனாடாவில் உப்புநீரில் ஊறிய பச்சை ஆலிவ் காய் செய்கிறது. இரண்டையும் சேர்த்தால் வேறெந்தச் சுவையும் நாவில் நிற்காது. ஆலிவ் சேர்ப்பதானால் பூரணத்தில் உப்பைப் பாதியாகக் குறைத்து, கடைசியில் சுவைத்துப் பார்த்துக் கூட்டிக்கொள்ளுங்கள். கரம் மசாலாவை நான் சேர்ப்பதே இல்லை. கிராம்பும் ஏலமும் வந்துவிட்டால் பாப்ரிகாவின் மணம் இருந்த இடம் தெரியாது.

கேள்வி: இத்தகைய கலப்பு, மரபைச் சிதைப்பதாகாதா என்று என் மாமியார் கேட்கிறார்.

பதில்: அவர் கேட்பது நியாயமான கேள்வியே. ஆனால் சமோசாவின் கதையைச் சற்றுப் பின்னோக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். 14ஆம் நூற்றாண்டில் முகம்மது பின் துக்ளக்கின் டெல்லி அரசவையில் உண்ட விருந்தை விவரிக்கும் பயணி இப்னு பதூதா, கொத்திய இறைச்சி, பாதாம், பிஸ்தா, வெங்காயம், மசாலாப் பொருள்கள் ஆகியவற்றை மெல்லிய மாவில் பொதிந்து நெய்யில் பொரித்த ‘சம்பூசக்’கைக் குறிப்பிடுகிறார். அதில் உருளைக்கிழங்கும் இல்லை, மிளகாயும் இல்லை. அவை இரண்டும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஐரோப்பியர் வழியாகப் பின்னர் வந்தவை. சமோசா என்ற பெயரே பாரசீகத்திலிருந்து வந்தது. மறுபக்கம், எம்பனாடாவுக்கு வேண்டிய கோதுமை, மாடு, சீரகம், ஆலிவ் ஆகிய அனைத்தும் ஸ்பானியர் கப்பலில் தென்னமெரிக்காவுக்குப் போனவை. இன்று நாம் அறிந்த இவ்விரு பண்டங்களில் ஒன்றுகூடக் கலப்பில்லாமல் உருவானதன்று.

கேள்வி: கொலம்பியாவில் செய்வதுபோல் மக்காச்சோள மாவில் எம்பனாடா செய்து, உள்ளே சமோசா மசாலா வைக்க விரும்புகிறேன். மடிக்கும்போதே மாவு விரிசல் விடுகிறது.

பதில்: நீங்கள் எடுத்தது உலர்ந்த மக்காச்சோளத்தை அப்படியே அரைத்த மாவு என்று கருதுகிறேன். அங்கே பயன்படுத்துவது, சோளத்தை வேகவைத்து உலர்த்தி அரைத்த மாவு. வெந்நீர் விட்டவுடன் நீரை ஈர்த்துக்கொண்டு ஒட்டும் தன்மை பெறும். சோளத்தில், மாவுக்கு இழுவைத் தன்மை தரும் குளூட்டன் என்ற புரதம் இல்லாததால் மாவை இழுத்து மடிக்க இயலாது. இரண்டு பிளாஸ்டிக் தாள்களுக்கு நடுவே உருண்டையை வைத்துத் தட்டி, பூரணம் வைத்தபின் தாளோடு சேர்த்தே மடித்து, கிண்ணத்தின் விளிம்பால் அழுத்தி வெட்டினால் விரிசல் விடாது. நீங்கள் கேட்ட கலப்பு, என் கருத்தில், மாட்டிறைச்சிக் கலப்பைவிடச் சிறந்தது. சோள மாவின் இலேசான இனிப்புக்குப் பச்சைப் பட்டாணி சேர்த்த காரமான உருளைக்கிழங்கு மசாலா மிகவும் பொருந்துகிறது. எண்ணெய் மட்டும் 175 டிகிரிக்குக் குறையக் கூடாது. குறைந்தால் மாவு எண்ணெய் குடிக்கும்.

கேள்வி: பொரிப்பதற்கு முன் உறைய வைத்துச் சேமிக்க முடியுமா?

பதில்: முடியும். ஒன்றோடொன்று படாமல் தட்டில் அடுக்கி உறைய வைத்து, கெட்டியான பிறகே பைக்கு மாற்றுங்கள். கோதுமை மாவில் செய்தவை ஒரு மாதம் வரை சுவை குன்றாமல் இருக்கும். பொரிக்கும்போது உறைபதம் தளர விடாதீர்கள். தளர்ந்தால் மாவின் மேல் நீர் பூத்து, எண்ணெய் தெறிக்கும். பெட்டியிலிருந்து எடுத்தபடியே 150 டிகிரி எண்ணெயில் சில எண்ணிக்கை மட்டும் இட்டு, உள்ளே சூடேறும்வரை பொறுத்திருந்து, நிறம் வருவதற்காகக் கடைசி இரண்டு நிமிடம் தீயைக் கூட்டுங்கள். அவித்த முட்டைத் துண்டு வைத்தவற்றை மட்டும் உறைய வைக்க வேண்டாம். வெள்ளைக்கரு நீர்விட்டு ரப்பர்போல் ஆகிவிடும்.