நோட்டு மதிப்பிழந்தால் சீட்டுப் பணம் என்னாகும்? வேலூர் வாசகர் கேள்விகளும் பதில்களும்

பதில் சொல்பவர்: ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், சத்துவாச்சாரி

தக்காளி கிலோ 100 ரூபாய் ஆச்சே, அதுதான் மிகைப் பணவீக்கமா? (காட்பாடி)

இல்லைங்க. அது வரத்துக் குறைவு. நேதாஜி மார்க்கெட்டுக்கு லோடு வந்ததும் இறங்கிவிடும். எல்லாப் பொருளும் மாதம் 50 சதவீதம் ஏறினால்தான் அந்தப் பெயர். அந்த வேகத்தில் ஒரே வருடத்தில் விலை 130 மடங்காகும். சுதந்திர இந்தியா அதைப் பார்த்ததில்லை.

பீடி சுத்தி மாசம் 2,500 சீட்டு கட்டுறேன் ஐயா. 20 மாசம், 50,000 ரூபாய். பொண்ணு கல்யாணத்துக்குக் கடைசியா எடுக்கலாம்னு இருக்கேன். நடுவுல அந்த மிகைப் பணவீக்கம் வந்தா? (குடியாத்தம்)

அம்மா, சீட்டை நிறுத்திவிடாதீர்கள், இங்கே அந்த நிலை இல்லை. ஆனால் கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். விலை மாதம் 50 சதவீத வேகத்தில் 20 மாதம் ஏறினால், உங்கள் 50,000 ரூபாய்க்கு இன்று 15 ரூபாய்க்குக் கிடைப்பதுதான் கிடைக்கும். ஒரு டீ. முதல் மாதமே சீட்டை எடுத்து நகை வாங்கியவர் தப்பித்துவிடுவார். மீதித் தவணையை மதிப்பில்லாத நோட்டில் கட்டி முடிப்பார். யாரும் ஏமாற்றவில்லை, நோட்டுப் புத்தகத்தில் கணக்கும் சரி. ஆனாலும் நீங்கள் சுற்றிய பீடியின் பலன் அவர் வீட்டுக்குப் போயிருக்கும். இந்த அநியாயம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. இதே நிலை வந்த 1923இல் ஜெர்மனியில் பழைய வீட்டுக் கடன் ஒன்றின் மொத்தத் தொகைக்கு ஒரு ரொட்டிகூடக் கிடைக்கவில்லை. கடன் வாங்கியவர் மீண்டார், சிறுகச் சிறுகச் சேர்த்தவர் வீதிக்கு வந்தார்.

விலை ஏறினா சம்பளமும் ஏறுமே? ஷூ கம்பெனியில வேலை செய்றேன். (ஆம்பூர்)

ஏறும் தம்பி, ஆனால் பின்னாலேயே ஓடிவரும். ஜெர்மனியில் தினக்கூலியாக, சில இடங்களில் நாளுக்கு இரண்டு முறைகூடக் கொடுத்தார்கள். வாங்கிய கையோடு கடைக்கு ஓடினார்கள். 2008இல் இதே நிலை வந்த ஆப்பிரிக்க நாடான ஜிம்பாப்வேயில் ஆசிரியரின் மாதச் சம்பளம் பஸ் செலவுக்கே காணவில்லை. பள்ளிக்கூடங்கள் வெறிச்சோடின.

நோட்டை அளவில்லாமல் அச்சடித்தால்தான் விலை இப்படி ஏறும் என்கிறார்களே, அப்படியும் அரசு ஏன் அச்சடிக்கிறது? (பேரணாம்பட்டு)

வரி வராது, கடன் கொடுக்க ஆள் இருக்காது, செலவு மட்டும் நிற்காது. 1923 ஜனவரியில் பிரான்ஸ், பெல்ஜியம் படைகள் ஜெர்மனியின் ரூர் தொழில் பகுதியைப் பிடித்தன. அதை எதிர்த்து அங்கே வேலையை நிறுத்திய தொழிலாளர்களுக்கு ஜெர்மன் அரசு நோட்டடித்தே கூலி கொடுத்தது. நவம்பரில் ஒரு அமெரிக்க டாலருக்கு 4.2 லட்சம் கோடி மார்க் (அப்போதைய ஜெர்மன் பணம்).

என் பணம் பேங்க் டெபாசிட்டில் இருக்கிறது. அது பத்திரம்தானே? (ஓய்வுபெற்ற ஆசிரியை, வேலூர்)

2015இல் ஜிம்பாப்வே பழைய பணத்தைத் திரும்பப் பெற்றபோது, 175க்குப் பின்னால் 15 பூஜ்யம் போட்ட தொகை வரை இருந்த கணக்குக்குக் கொடுத்தது 5 அமெரிக்க டாலர். நம்மிடம் டெபாசிட்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு, டீச்சர். வங்கி முறிந்தால் அது உதவும். ரூபாய் கரைந்தால் உதவாது. விலைவாசி உயர்வை 4 சதவீதத்தை ஒட்டி வைப்பது ரிசர்வ் வங்கியின் இலக்கு. மாதாமாதம் வரும் விலைவாசிக் கணக்கையும் உங்கள் வட்டியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வட்டி குறைவாக இருந்தால் சேமிப்பு இப்போதே தேய்கிறது என்று அர்த்தம்.