பல மொழிக்காரர்களோடு வேலை: கேள்வி பதில்

வெளிநாட்டுக் கட்டுமானத் தளங்களில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்துவிட்டுக் காரைக்குடிக்குத் திரும்பியவன் நான். நம் செட்டிநாட்டுப் பக்கத்திலிருந்து வந்த கேள்விகளில் நான்கு இங்கே.

தேவகோட்டை: அண்ணே, சிங்கப்பூரில் சூப்பர்வைசராக இருக்கிறேன். என் ஆட்கள் வங்காளதேசத்துக்காரர்கள், சீனர்கள். எதைச் சொன்னாலும் ‘ஓகே’ என்கிறார்கள். போய்ப் பார்த்தால் வேறு வேலை நடந்திருக்கிறது.

தம்பி, ‘புரிந்ததா?’ என்று கேட்பதை நிறுத்துங்கள். சூப்பர்வைசரிடம் ‘இல்லை’ என்று யார் சொல்வார்கள்? ‘இப்போது என்ன செய்யப் போகிறாய், சொல்லு’ என்று கேளுங்கள். அரைகுறை ஆங்கிலத்திலோ கையைக் காட்டியோ சொல்லட்டும், கோளாறு அங்கேயே தெரிந்துவிடும். விமானத் துறை உயிர்களைப் பறிகொடுத்துத்தான் இதைக் கற்றது. 1977 மார்ச் 27 அன்று தெனெரீஃப் தீவில் மூடுபனிக்குள் ஓடுபாதையிலேயே இரண்டு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். டச்சு விமானம் மேலெழும்ப ஓடத் தொடங்கியதை அதன் துணை விமானி தெளிவில்லாத ஆங்கிலத்தில் சொல்ல, அது இன்னும் காத்து நிற்பதாக நினைத்த ஸ்பானியக் கட்டுப்பாட்டாளர் ‘ஓகே’ என்றார். வேறு காரணங்களும் உண்டு. ஆனாலும் அதற்குப் பிறகு, உத்தரவை விமானி அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும், வெறும் ‘ஓகே’ செல்லாது என்பது கண்டிப்பானது. கிரேன் வேலையில் சைகை காட்ட ஒரே ஆளை வையுங்கள். ‘நிறுத்து’ சைகை மட்டும் விலக்கு. யார் காட்டினாலும் நிறுத்தியாக வேண்டும்.

காரைக்குடி: வீட்டிலிருந்தே ஜெர்மன் கம்பெனிக்கு வேலை பார்க்கிறேன். மேனேஜர் எல்லார் முன்னாலும் ‘இது சரியில்லை’ என்கிறார். என்மேல் கோபமா அண்ணா?

இல்லைம்மா, அவர் வேலையைத்தான் சொல்கிறார். நாம் ‘பார்க்கிறேன் சார்’ என்று இழுப்பதில்தான் வம்பு. நம் ஊரில் அது பாதி மறுப்பு. அவரோ வெள்ளிக்கிழமை வந்துவிடும் என்று குறித்துக்கொள்வார். ‘வெள்ளி முடியாது, செவ்வாய் தருகிறேன்’ என்று எழுதிவிடுங்கள். வீடியோவில் தலையை மட்டும் ஆட்டாதீர்கள், வாயைத் திறந்து சொல்லுங்கள்.

பள்ளத்தூர்: கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து வட்டித் தொழில் செய்ய, போன நம் செட்டியார் பாட்டன்மார் பர்மாவில் எப்படிச் சமாளித்தார்கள்?

பெட்டியடிப் பையனாக, அதாவது வேலை பழகும் எடுபிடியாக, சின்ன வயதிலேயே போய், வட்டிக்கடையில் பெரியவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பேச்சைப் பிடித்தார்கள். கணக்கு தமிழில், வாடிக்கையாளரிடம் பர்மிய மொழியில். ஆனால் அதை ரொம்பவும் கொண்டாட வேண்டாம். 1930களின் பொருளாதார மந்தத்தில் விவசாயிகளுக்குக் கொடுத்த கடன் திரும்பாமல் கீழ்ப்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய கால்வாசி நிலம் செட்டியார் கைக்கு வந்தது. அந்த விவசாயிகளின் கோபத்தைப் பர்மிய மொழி தெரிந்ததால் தணிக்க முடிந்ததா என்ன?

கோட்டையூர்: சவூதி போகிறேன். ஹிந்தியா, அரபியா?

தளத்தில் பேச ஹிந்தி கைகொடுக்கும். அரபியில் முதலில் எண்களைப் படிக்கப் பழகுங்கள். ௦ போன்ற வட்டம் அங்கே ஐந்து, புள்ளிதான் பூஜ்யம்.