எலக்ட்ரான் ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கிறதா? சித்தூர் வட்டாரக் கேள்விகளுக்குப் பதில்

கொழிஞ்சாம்பாறை வாசகசாலையில் எலக்ட்ரானின் மின் இருமுனைத் திருப்புத்திறன் பற்றிப் பேசினேன். எலக்ட்ரானின் மின்னூட்டம் நடுவிலிருந்து ஒரு பக்கம் எவ்வளவு ஒதுங்கியிருக்கிறது என்பதைச் சொல்லும் அளவு அது. அதையொட்டி வந்த கேள்விகளில் சில இங்கே.

வேலந்தாவளம், பிளஸ் டூ மாணவி: சார், இருமுனை என்றால் நேர், எதிர் இரண்டும் வேண்டுமே. எலக்ட்ரானில் எதிர் மட்டும்தானே இருக்கிறது?

நியாயமான சந்தேகம்மா. எதிர்மின்னூட்டம் மட்டும் இருந்தாலும், அது தற்சுழற்சி (ஸ்பின்) அச்சின் ஒரு முனைப்பக்கம் துளி ஒதுங்கியிருந்தால் அதுவே இருமுனைதான். வெற்றிடத்தில் தோன்றி மறையும் துகள்களால் அப்படி ஒதுங்க முடியும். நாம் இதுவரை பார்க்காத கனமான துகள்களுக்கும் அதில் பங்கு இருக்கலாம். என்னை இந்தத் துறைக்கு இழுத்ததே அதுதான்.

சித்தூர், கல்லூரி மாணவர்: ஒதுங்கியிருந்தால் என்ன ஆகும், அண்ணா?

காலத்தைப் பின்னோக்கி ஓட்டுவதாக வைத்துக்கொள். சுழற்சியின் திசை திரும்பிவிடும், மின்னூட்டம் ஒதுங்கிய பக்கம் மட்டும் அப்படியே இருக்கும். அதாவது இயற்கை முன்னோட்டத்தையும் பின்னோட்டத்தையும் ஒன்றாக நடத்தவில்லை. பொருளுக்கும் எதிர்ப்பொருளுக்கும் (அதே நிறை, எதிர் மின்னூட்டம் கொண்ட துகள்களால் ஆனது) இடையிலான பாரபட்சமும் இதோடு பிணைந்ததுதான். 1964இல் கேயான் என்னும் குறுகிய ஆயுள் துகள்களில் இயற்பியலாளர்கள் குரோனின், ஃபிட்ச் குழு அந்தப் பாரபட்சத்தைக் கண்டது. பிரபஞ்சத்தில் பொருள் மிஞ்சியதற்கு அது அவசியம் என்று 1967இல் ரஷ்ய இயற்பியலாளர் சகாரவ் காட்டினார். இதுவரை கண்ட அளவு அதற்குப் போதவில்லை. மீதி எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது.

அதே மாணவர்: இவ்வளவு சின்னதை எப்படி அளக்கிறார்கள்?

மின்புலத்தில் வைத்து, தள்ளாடும் பம்பரம்போல எலக்ட்ரானின் சுழற்சி அச்சு எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்று பார்ப்பார்கள். மின்னூட்டம் ஒதுங்கியிருந்தால், புலத்தின் திசையை மாற்றும்போது அந்த வேகமும் மாற வேண்டும். ஆய்வகத்தில் உண்டாக்கும் புலம் போதாது, அதனால் மூலக்கூறின் உள்ளேயே இருக்கும் புலத்தைப் பயன்படுத்துகிறார்கள். அமெரிக்காவின் போல்டர் நகரில் உள்ள ஜிலா ஆய்வகம் ஹாஃப்னியம் ஃபுளோரைடு அயனிகளைப் பொறிக்குள் பிடித்து வைத்தது. அதற்குள் எலக்ட்ரான் உணரும் புலம் செ.மீ.க்குச் சுமார் 2,300 கோடி வோல்ட்! 2023இல் வந்த முடிவு: திருப்புத்திறன் இருந்தாலும், எலக்ட்ரான் மின்னூட்டத்தை 4.1 × 10⁻³⁰ செ.மீ.ஆல் பெருக்கி வரும் மதிப்பைவிடக் குறைவு.

மீனாட்சிபுரம், கடை வைத்திருக்கும் அண்ணன்: ஒன்றும் கிடைக்கவில்லையே தம்பி, வீண்தானே?

இல்லைங்கண்ணா. ஒவ்வொரு துகளுக்கும் ஒரு ஜோடித் துகள் உண்டு என்று சொல்லும் சூப்பர்சிமெட்ரி கோட்பாட்டின் எளிய வடிவங்கள் பல இதைவிடப் பெரிய மதிப்பைத்தான் எதிர்பார்த்தன. அவை இப்போது இக்கட்டில் இருக்கின்றன. சில கோட்பாடுகளைப் பொறுத்தவரை, ஒரு அறைக்குள் அடங்கும் இந்தச் சோதனை ஜெனீவாவின் பெரிய துகள் மோதுவிப்பான் எட்டாத ஆற்றல்வரை பார்த்துவிட்டது. இப்போது நம்மிடம் இருக்கும் அடிப்படைத் துகள் கோட்பாடான நிலையான மாதிரி தரும் மதிப்போ இந்த எல்லையைவிட லட்சம் மடங்குக்கும் மேல் சிறியது. அதனால் நாளைக்கே ஏதாவது தென்பட்டால், அது புதிய இயற்பியல்தான்.

கோவிந்தாபுரம், ஆசிரியை: நியூட்ரானில் தேடவில்லையா?

அதுதான் முதலில் டீச்சர். பர்செல், ராம்சே, ஸ்மித் மூவரின் சோதனை 1957இல் வெளிவந்தது. அங்கேயும் இன்னும் பூஜ்யம்தான்.

வேலந்தாவளம் மாணவி மறுபடியும்: நம் பக்கத்தில் யாராவது இதைச் செய்கிறார்களா?

செய்கிறார்கள். மூலக்கூறுக்குள் இருக்கும் அந்தப் புலத்தை நேராக அளக்க முடியாது, சார்பியலையும் குவாண்டத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டுத்தான் எடுக்க வேண்டும். பெங்களூரு இந்திய வானியற்பியல் நிறுவனத்தில் இந்த வகைக் கணக்குகள் நடந்திருக்கின்றன. நீ இப்போது நேரியல் இயற்கணிதத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள், அப்புறம் அடுத்த வாரம் வாசகசாலைக்கு வா, அந்தக் கணக்கைத் தொடங்குவோம்.