இஸ்ரேலியரும் பாலஸ்தீனியரும் சேர்ந்து நடத்தும் அமைதி அமைப்புகளால் உண்மையில் ஏதாவது பயன் உண்டா?

இரு தரப்பினரும் ஒன்றாக இயங்கும் அமைப்புகள் பல இருப்பதாகச் சொல்கிறார்களே, அவற்றால் எதுவாவது மாறியிருக்கிறதா, இல்லை வெளிநாட்டு நன்கொடையாளர்களுக்காக எடுக்கும் புகைப்படத்தோடு எல்லாம் முடிந்துவிடுகிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். போரை நிறுத்தும் வலிமை அவற்றுக்கு எப்போதும் இருந்ததில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் அந்த மண்ணை மிதித்தவன் அல்லன். பல ஆண்டுகளாகச் செய்திகளையும் நேர்காணல்களையும் விடாமல் படித்து வருபவன், அவ்வளவுதான். புகைப்பட ஏற்பாடு என்ற எண்ணமே எனக்கும் வெகுகாலம் இருந்தது. அதை மாற்றியது மாநாடோ ஒப்பந்தமோ அல்ல, ஒரு கார்ப் பயணம்.

1993 அக்டோபரில் காசாவில் இஸ்ரேலிய இருப்புப் படை வீரராகப் பணியாற்றிக்கொண்டிருந்த எஹுத் ரோத் என்பவர், இன்னொரு வீரரோடு சேர்ந்து, வழியில் லிஃப்ட் கொடுத்த காரில் ஏறினார். இஸ்ரேலியப் பதிவெண் கொண்ட அந்தக் காரில் இஸ்ரேலியர்களைப் போல வேடமிட்டு அமர்ந்திருந்தவர்கள் ஹமாஸ் அமைப்பினர். இருவரும் கொல்லப்பட்டார்கள். எஹுதின் சகோதரர் யுவல் ரோத், பிற்பாடு, இதே மோதலில் உறவுகளை இழந்த இரு தரப்புக் குடும்பங்களும் கூடும் அமைப்பு ஒன்றில் சேர்ந்தார். அங்கே பழக்கமான பாலஸ்தீனியர் ஒருவர் 2006 வாக்கில் அவரிடம் ஓர் உதவி கேட்டார். அவருடைய சகோதரருக்கு நோய் முற்றியிருந்தது. ஹைஃபாவில் உள்ள ராம்பாம் மருத்துவமனையில் சிகிச்சை. சோதனைச் சாவடியிலிருந்து மருத்துவமனை வரை கொண்டுபோய்விட முடியுமா என்று கேட்டார். யுவல் கொண்டுபோய்விட்டார். அடுத்து இன்னொருவர் கேட்டார், அதற்கடுத்து வேறொருவர். தன்னால் மட்டும் முடியாது என்ற நிலை வந்தபோது நண்பர்களைச் சேர்த்துக்கொண்டார். 'மீட்சிக்கான பாதை' என்று பொருள்படும் 'தெரெஹ் ஹஹ்லமா' என்ற அமைப்பு இப்படித்தான் பிறந்தது. பிறர் கொடுத்த லிஃப்டில் சகோதரனைப் பறிகொடுத்தவர் கார் ஓட்டும் அமைப்பைத் தொடங்கினார் என்பதை அவர் பெரிதாகப் பேசிக் கேட்டதில்லை. எனக்கென்னவோ அந்த இடத்தைத் தாண்டிப் போக முடியவில்லை.

இது எப்படி நடக்கிறது என்பதைப் பார்த்தால் அந்த நிலத்தின் அமைப்பே புரிந்துவிடும். மேற்குக் கரையிலோ, 2023 அக்டோபர் வரை காசாவிலோ, ஒரு குழந்தைக்குப் புற்றுநோய் என்றால், உள்ளூரில் கிடைக்காத சிகிச்சைக்காக இஸ்ரேலிய மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். அதற்குப் பாலஸ்தீன ஆணையம் செலவை ஏற்க வேண்டும். இஸ்ரேலிய இராணுவ நிர்வாகம் அனுமதிச் சீட்டு தர வேண்டும், உடன் செல்லும் தாய்க்கோ பாட்டிக்கோ தனியாக ஒரு சீட்டு வேண்டும். இவ்வளவும் கிடைத்த பிறகும் பாலஸ்தீனப் பதிவெண் கொண்ட வண்டி சாவடியைத் தாண்ட முடியாது. மஞ்சள் எண்பலகை உள்ள இஸ்ரேலிய வண்டி வேண்டும். டாக்ஸி என்றால், மாதத்தில் பலமுறை போய்வர வேண்டிய ஒரு குடும்பத்துக்குத் தாங்காத வாடகை. இந்த இடைவெளியில்தான், பொழுது புலர்வதற்கு முன்பே தர்கூமியா போன்ற ஒரு சாவடியில் காரை நிறுத்திக்கொண்டு, பணி ஓய்வு பெற்ற ஒரு ஆசிரியரோ பொறியாளரோ காத்திருக்கிறார். அவருக்கு அரபு தெரியாது, வருபவருக்கு எபிரேயம் தெரியாது. பெரும்பாலான பயணங்களில் பேச்சே இல்லை. குழந்தை பின்னிருக்கையில் தூங்கிவிடுகிறது. 'உரையாடல்' என்ற பெயரில் நடக்கும் பல கருத்தரங்குகளைவிட இந்தப் பேச்சற்ற ஒன்றரை மணி நேரத்தின் மேல்தான் எனக்கு மரியாதை அதிகம்.

யுவல் சேர்ந்த அந்த அமைப்பின் பெயர் 'பேரன்ட்ஸ் சர்க்கிள்'. மகன் ஆரிக்கை 1994இல் ஹமாஸ் கடத்திக் கொன்றதையடுத்து, யிட்ஸ்ஹாக் ஃபிராங்கென்தால் 1995இல் இதைத் தொடங்கினார். பிள்ளையையோ உடன்பிறந்தவரையோ பெற்றோரையோ இந்த மோதலில் இழந்திருப்பதுதான் இதில் சேருவதற்கான தகுதி. யாருமே சேர விரும்பாத சங்கம். இன்று 600க்கும் மேற்பட்ட குடும்பங்கள் இதில் உள்ளன.

இவர்களில் வெளியுலகம் அதிகம் அறிந்தவர்கள் இஸ்ரேலியரான ராமி எல்ஹனானும் பாலஸ்தீனியரான பஸ்ஸாம் அராமினும். ராமியின் மகள் ஸ்மாதர் 1997 செப்டம்பர் 4 அன்று ஜெருசலேமின் பென் யெஹுதா தெருவில் நடந்த தற்கொலைத் தாக்குதலில் இறந்தாள். அவளுக்குப் பதினான்கு வயது முடியச் சில நாட்களே இருந்தன. பஸ்ஸாம் பதினேழு வயதில் கைதாகி ஏழு ஆண்டுகள் இஸ்ரேலியச் சிறையில் இருந்தவர். ஒரு காலத்தில் ஆயுதம் ஏந்திய பாலஸ்தீனியர்களும் முன்னாள் இஸ்ரேலிய வீரர்களும் சேர்ந்து 2006இல் வெளிப்படையாக அறிவித்த 'காம்பாட்டன்ட்ஸ் ஃபார் பீஸ்' அமைப்பை உருவாக்கியவர்களில் அவரும் ஒருவர். அடுத்த ஆண்டு ஜனவரியில், அனாத்தா என்ற ஊரில், பள்ளிக்கு வெளியே கடையில் மிட்டாய் வாங்கிக்கொண்டு நின்ற அவருடைய பத்து வயது மகள் அபீரின் தலையில், எல்லைக் காவல் படையின் ஜீப்பிலிருந்து சுடப்பட்ட ரப்பர் குண்டு பாய்ந்தது. மருத்துவமனையில் அபீர் உயிருக்குப் போராடியபோது பஸ்ஸாமோடு உட்கார்ந்திருந்தவர்களில் ராமியும் இருந்தார். சுட்டவர் மேல் குற்ற வழக்குப் பதிவாகவே இல்லை. உரிமையியல் வழக்குத் தொடுத்துப் போராடிய பிறகு, அரசே பொறுப்பு என்று ஜெருசலேம் நீதிமன்றம் 2010இல் தீர்ப்பளித்தது. அந்த இடைக்காலத்தில் முன்னாள் இஸ்ரேலிய வீரர்கள் அனாத்தாவுக்கு வந்து அபீர் படித்த பள்ளியில் அவள் பெயரால் ஒரு விளையாட்டுத் திடல் அமைத்துக்கொடுத்தார்கள். பஸ்ஸாமோ இங்கிலாந்தின் பிராட்ஃபோர்ட் பல்கலைக்கழகத்துக்குப் போய் யூத இனப்படுகொலையைப் பற்றிப் படித்தார். மகளை இழந்த ஒருவர் அந்தப் படிப்பைத் தேர்ந்தெடுத்ததை இரக்கம் என்று மட்டும் சொல்லி நகர்ந்துவிட முடியாது. எதிரில் நிற்பவனின் அச்சம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ளும் பிடிவாதம் அது.

பேரன்ட்ஸ் சர்க்கிளும் காம்பாட்டன்ட்ஸ் ஃபார் பீஸும் சேர்ந்து இஸ்ரேலின் போர் நினைவு நாளில் இரு தரப்பு இறந்தோருக்கும் பொதுவாக ஓர் அஞ்சலிக் கூட்டம் நடத்துகின்றன. வாசலில் ஒவ்வோர் ஆண்டும் எதிர்ப்பாளர்கள் கூடித் துரோகிகள் என்று கத்துகிறார்கள். மேற்குக் கரையிலிருந்து வரும் உறுப்பினர்களுக்கு 2018, 2019 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் அரசு அனுமதி மறுத்தது. உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகே வர முடிந்தது. சமமானவர்கள் கூடும் கூட்டம் என்று நாம் நினைக்கிறோம், ஆனால் அதற்கு வருவதற்கே ஒருவர் காரை எடுத்தால் போதும், மற்றவருக்கு இராணுவத்தின் சீட்டு தேவை. இரு தரப்பு உறுப்பினர்கள் ஜோடியாகச் சென்று இஸ்ரேலியப் பள்ளிகளில் தங்கள் கதையைச் சொல்லும் திட்டத்துக்கும் 2023இல் கல்வி அமைச்சகம் தடை போட்டது.

பள்ளிகள், முகாம்கள், இசைக்குழு என்று வேறு முயற்சிகளும் இருக்கின்றன. எகிப்தில் யூதக் குடும்பத்தில் பிறந்து கத்தோலிக்கத் துறவியான புரூனோ ஹுசார், லத்ரூன் மடத்து நிலத்தில் தொடங்கிய 'நேவே ஷாலோம் – வாஹத் அல்-சலாம்' என்ற சிற்றூரில் யூதக் குடும்பங்களும் அரபுக் குடும்பங்களும் 1970களின் இறுதியிலிருந்து சேர்ந்து வாழ்கின்றன. இருமொழிப் பள்ளிகளை நடத்தும் 'ஹேண்ட் இன் ஹேண்ட்' அமைப்பின் ஜெருசலேம் பள்ளியில், 2014 நவம்பரில், ஒன்றாம் வகுப்பு அறைக்குத் தீ வைத்தார்கள். இளைஞர்களை அமெரிக்காவுக்கு அழைத்துச் சென்று கோடை முகாம் நடத்தும் 'சீட்ஸ் ஆஃப் பீஸ்' மீது எனக்குப் பெரிய நம்பிக்கை கிடையாது: ஏரிக்கரையில் மூன்று வாரம் நண்பர்களாக இருந்துவிட்டு வீடு திரும்பினால், ஒருவன் படையில் சேரவும் மற்றவன் அவனுடைய சாவடியில் வரிசையில் நிற்கவும் வேண்டியிருக்கிறது. அந்த முகாமுக்குப் போய்வந்த ஆசெல் அஸ்லே என்ற பதினேழு வயது அரபு மாணவன் 2000 அக்டோபரில் இஸ்ரேலியப் போலீசாரால் சுட்டுக் கொல்லப்பட்டபோது அணிந்திருந்தது அந்த அமைப்பின் சட்டையைத்தான்.

அன்பைப் பற்றி எதுவும் பேசாமல் சாக்கடையைப் பற்றிப் பேசும் அமைப்பு ஒன்றும் உண்டு. 1994 முதல் இஸ்ரேலியர், பாலஸ்தீனியர், ஜோர்தானியர் மூவரும் சேர்ந்து நடத்தும் 'ஈகோபீஸ்' அது. மின்சாரம் இல்லாததால் சுத்திகரிக்கப்படாமல் காசாவிலிருந்து கடலில் கலந்த கழிவு, வடக்கே அஷ்கெலோனில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையை 2016 வாக்கில் சில தடவை நிறுத்த வைத்தது. காசாவுக்கு மின்சாரம் கொடுப்பது தன் குடிநீருக்கும் நல்லது என்ற வாதம், மனம் மாறாத அதிகாரிக்கும் விளங்கக்கூடியது.

இவர்களுக்கு எதிரான விமர்சனத்தையும் சொல்ல வேண்டும். பாலஸ்தீனியரிடையே 'தத்பீஃ' என்ற சொல் கடுமையான வசைச்சொல். ஆக்கிரமிப்பு நடந்துகொண்டிருக்கும்போதே எல்லாம் இயல்பாக இருப்பதுபோலக் காட்டிக்கொள்வதை அப்படிச் சொல்வார்கள். கூட்டு அமைப்பில் சேரும் பாலஸ்தீனியர் தன் ஊரில் இந்தப் பழியைச் சுமக்கிறார். இந்த விமர்சனத்தில் பாதிக்கு மேல் நியாயம் இருப்பதாகவே நினைக்கிறேன். கைகுலுக்குவதோடு நின்று, நிலம், குடியேற்றம், சாவடி ஆகிய சொற்களை வாயிலெடுக்காத அமைப்பு வலுவானவனுக்கு வசதியாகிவிடுகிறது. ஆக்கிரமிப்பு முடிய வேண்டும் என்று 'காம்பாட்டன்ட்ஸ் ஃபார் பீஸ்' தொடக்கத்திலிருந்தே வெளிப்படையாகச் சொல்வதால்தான் அதன் மேல் எனக்கு நம்பிக்கை. ஆனால் பழி சில சமயம் எல்லை மீறுகிறது. இஸ்ரேலுக்குள் யூதரும் அரபுக் குடிமக்களும் சேர்ந்து 2015இல் தொடங்கிய 'ஸ்டாண்டிங் டுகெதர்' இயக்கத்தைப் புறக்கணிக்குமாறு 2024 ஜனவரியில் அறைகூவல் விடுக்கப்பட்டது. அதே ஆண்டு மே மாதம், காசாவுக்குப் போன உணவு லாரிகளைத் தீவிர வலதுசாரிகள் மறித்து மாவு மூட்டைகளைக் கிழித்துக் கொட்டியபோது, தர்கூமியா சாவடியில் லாரிகளுக்குக் காவலாகப் போய் நின்றவர்கள் இந்த இயக்கத்தினர்தாம்.

ஹமாஸ் இஸ்ரேலுக்குள் புகுந்து தாக்கிய 2023 அக்டோபர் 7 இவர்களையும் விட்டுவைக்கவில்லை. 'விமன் வேஜ் பீஸ்' என்ற இஸ்ரேலியப் பெண்கள் அமைப்பும் 'விமன் ஆஃப் த சன்' என்ற பாலஸ்தீனப் பெண்கள் அமைப்பும் ஜெருசலேமிலும் சாக்கடற்கரையிலும் கூட்டாகக் கூடியது அக்டோபர் 4 அன்று. முன்னதை உருவாக்கியவர்களில் ஒருவரும், காசா நோயாளிகளுக்குக் கார் ஓட்டியவருமான விவியன் சில்வர், மூன்றே நாளில் பெயேரி என்ற கிப்புட்ஸில், அதாவது கூட்டுவாழ்வுச் சிற்றூரில், கொல்லப்பட்டார். பணயக் கைதியாக இருப்பதாக ஐந்து வாரம் நம்பிய பிறகே எஞ்சிய உடற்பகுதியைக் கொண்டு அடையாளம் தெரிந்தது. காசா நோயாளிகளை ஏற்றிச் சென்ற இன்னொருவரான ஓதெத் லிஃப்ஷிட்ஸ் என்ற முதியவர் நீர் ஓஸ் என்ற இன்னொரு கிப்புட்ஸிலிருந்து கடத்தப்பட்டார். 2025 பிப்ரவரியில் உடல்தான் திரும்பியது. காசாவில் விழுந்த குண்டுகளில் பாலஸ்தீன உறுப்பினர்கள் பலர் உறவினர்களைக் கொத்தாக இழந்தார்கள்.

பெற்றோர் இருவரையும் அக்டோபர் 7 அன்று இழந்த இஸ்ரேலியர் மாவோஸ் இனோனும், இஸ்ரேலியச் சிறையில் அடிபட்டு அண்ணன் இறந்ததால் கோபத்தோடு வளர்ந்த பாலஸ்தீனியர் அஸீஸ் அபூ சாராவும் 2024 மே மாதம் இத்தாலியின் வெரோனாவில் போப் பிரான்சிஸ் முன்னிலையில் கட்டிக்கொண்டார்கள். அந்தப் படம் உலகம் முழுக்கச் சுற்றியது. அதைவிட எனக்குப் பிடித்தது அஸீஸின் பழைய கதை: எதிரியின் மொழி என்று எபிரேயத்தை ஒதுக்கியவர், பிழைப்புக்கு அது வேண்டும் என்பதால், பதினெட்டு வயதில், புதிதாகக் குடியேறிய யூதர்களுக்கான மொழி வகுப்பில் போய் உட்கார்ந்தார். சீருடையும் துப்பாக்கியும் இல்லாத யூதரை அவர் பார்த்தது அங்கேதான்.

காசாவின் எரெஸ் சாவடி அக்டோபர் 7க்குப் பிறகு மூடப்பட்டதால் அங்கிருந்து வந்த நோயாளிகளின் பயணம் நின்றுபோனது. மேற்குக் கரைச் சாவடிகளுக்கு 'தெரெஹ் ஹஹ்லமா' ஓட்டுநர்கள் திரும்பி வந்தார்கள்; அவர்களில் சிலர் தங்கள் கிப்புட்ஸ்களில் அடுத்தடுத்து நண்பர்களை அடக்கம் செய்தவர்கள். விடியலில் அனுமதிச் சீட்டோடு நின்ற தாய்மாரை ஏற்றிக்கொண்டு வழக்கமான மருத்துவமனைகளுக்கே போனார்கள்.